திரைச்சாமி கொடுத்த கரு

திரைச்சாமியைப் பார்க்க விடிவதற்குள் தெருமுனைவரை கூட்டம். பார்க்க என்றது தப்பு. சாமி பெண்முகம் பார்க்க மாட்டாராம். திரையில் ஓர் ஓட்டை. அதில் கையை நீட்டினால் நாடி பிடித்தே கர்ப்பப்பையைப் படித்துவிடுவார். ஸ்கேன் மெஷினுக்கு மின்சாரம் வேண்டும். சாமிக்குக் காணிக்கை போதும்.

ரொட்டி சுடுகிறவர் ஒருவர் மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி வரிசையில் நின்றார். முப்பது வயதிலேயே அவளுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்: "கிருமியோட சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாம உங்க சினைப்பையையே தாக்குது. அட்ரினல் சுரப்பியையும் விடல. குழந்தையைப் பத்தி அப்புறம் பேசுவோம். இந்த மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க, உயிருக்கே ஆபத்து."

போன வாரம் சாமி சுருக்கமாக முடித்தார்: "மூணு தலைமுறைச் சாபம். மாத்திரையைத் தூக்கிப் போடு." பிள்ளை ஆசை யாரை விட்டது? போட்டாள். இப்போது வாந்தி, மயக்கம்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், வா."

"சாமி ஒரு வார்த்தை சொல்லட்டுங்க."

முறை வந்ததும் அவர் அவளுடைய வளையல்களைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டார். ஒல்லிக் கை, அடுப்பு அனலில் பொசுங்கி முழங்கைவரை ஒரு முடி கிடையாது. "பேசாம கேளு" என்று அவளிடம் சொல்லிவிட்டு ஓட்டைக்குள் கையை நீட்டினார்.

உள்ளே நாடி பிடித்த சாமி உருகினார். "அம்மாடி! சாபம் இறங்கிடுச்சு. கர்ப்பப்பை மலர்ந்துடுச்சு. அடுத்த மாசம் கரு நிக்கும்!"

ரொட்டி சுடுகிறவர் திரையை ஒரே இழுப்பில் கிழித்தார். மீசையை முறுக்கிக்கொண்டு கேட்டார்: "பிரசவத்தையும் நீங்களே பாத்துடுறீங்களா, சாமி?"

சாமி சமாளிக்கப் பார்த்தார். "அது... கணவன் உடம்புல மனைவி பாதி..."

"அப்ப இடுப்பு வலியிலயும் பாதி அவருக்கா?" வரிசையிலிருந்து ஓர் அம்மாள் கேட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாமி பின்வாசல் வழியே மறைந்தார். ஞானதிருஷ்டியில் அந்த வழி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மனைவி அவர் கையிலிருந்த வளையலைப் பார்த்தாள். சிரித்தாள், அழுதாள். "கூட்டிட்டுப் போங்க" என்றாள். ஆஸ்பத்திரியில் ஊசி ஏறிய பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. அவருக்கும்தான்.

அடுத்த தெருவில் இப்போது கண்ணாடிச்சாமி கடை விரித்திருக்கிறார். கூட்டத்துக்குக் குறைவில்லை. போகிறவர்கள் போங்கள். கையை நீட்டும்போது தலை இந்தப் பக்கம் சும்மாதானே இருக்கிறது? அதைக் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள்.