டேப்பிர் பன்றி இல்லை

காதலுக்காக வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ரோஷத்துக்காக விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்தே இராத ஒரு மிருகத்தின் மானத்துக்காக வேலையை விட்ட ஆள், கடலூர் மாவட்டத்தில் என்ன, எந்த மாவட்டத்தில் தேடினாலும் ஒருத்தன்தான் கிடைப்பான். அவனோடு சிதம்பரத்தில், ஹாஸ்டலில் இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தேன்.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வார்டனுக்கே அது மறந்துபோய் 'டேப்பிர்' என்றுதான் கூப்பிடுவார். திட்டக்குடிப் பக்கத்துக்காரன். நான் வணிகவியல், அவன் விலங்கியல்.

டேப்பிர் என்பது மலேசியா, சுமத்ரா காடுகளிலும் தென் அமெரிக்காவிலும் இருக்கிற மிருகம். பன்றி மாதிரி உடம்பு. மேலுதடும் மூக்கும் ஒன்றாகச் சேர்ந்து குட்டித் தும்பிக்கையாகத் தொங்கும். மலேசிய வகைக்கு முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளை; யாரோ பாவம் பார்த்து இடுப்பில் வேட்டி சுற்றிவிட்ட மாதிரி இருக்கும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்த அறையில் இருந்த பல்லிக்கும் தெரியும்.

"அதுக்கு பேரு என்னா தெரியுமா மச்சான்? டேப்பிரஸ் இண்டிகஸ். இண்டிகஸ்னா இந்தியாவோடது. ஆனா இந்தியாவுல கெடையாது" என்பான். "நம்ம பேர வெச்சிருக்கு. நம்மாளு ஒருத்தனுக்கும் அத தெரியல." சொல்லும்போது குரலே இறங்கிவிடும். வெளியூரில் தொலைந்துபோன சித்தப்பாவைப் பற்றிச் சொல்வது போல் இருக்கும்.

அதன் சொந்தக்காரர்கள் குதிரையும் காண்டாமிருகமும். மூன்றும் ஒற்றைப்படைக் குளம்பு கொண்ட வம்சம். "பின்னங்கால்ல மூணு வெரல் சரி, முன்னங்கால்ல நாலுன்னு சொல்றியே, அது எப்டிடா ஒத்தப்படை?" என்று ஒரு நாள் மெஸ்ஸில் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். சாப்பிட்ட கையை அப்படியே தூக்கிக்காட்டினான். "எத்தினி வெரல்னு பாக்கக்கூடாது மச்சான். பாரம் எந்த வெரல்ல நிக்குதுன்னு பாக்கணும். நடு வெரல்ல நிக்குது. அதான் கணக்கு." அந்த நடு விரலிலிருந்து சாம்பார் என் சட்டையில் சொட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனோம். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஈர மணலில் டேப்பிரின் கால்தடத்தை விரலால் அழுத்தி அழுத்தி நீளமாக ஒரு வரிசை போட்டு வைத்துவிட்டான். முன்னங்கால், பின்னங்கால், எல்லாம் அச்சு அசல். வாக்கிங் வந்தவர்கள் கூடிவிட்டார்கள். சுனாமி வந்துபோய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கடலிலிருந்து எது வந்தாலும் ஜனங்கள் நம்புகிற நேரம். வாயை மூடிக்கொண்டிருந்தால் கூட்டம் தானாகக் கலைந்திருக்கும். இவன் நடுவில் போய் நின்றான்.

"பயப்படாதீங்க. இது டேப்பிரு. எல தழைதான் திங்கும்."

"எங்க தம்பி போச்சி அது?" என்றார் ஒரு பெரியவர்.

"இங்க இல்லீங்க, மலேசியாவுல இருக்கு."

"அது மலேசியாவுல இருந்தா, காலு மட்டும் இங்க எப்டி வந்திச்சி?"

அதற்குப் பிறகு நாங்கள் அங்கே நிற்கவில்லை.

படிப்பு முடிந்து, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தனியார் பள்ளியில் அவனுக்கு விலங்கியல் ஆசிரியர் வேலை கிடைத்தது. நல்ல வாத்தியார் என்று பெயரும் எடுத்தான். மூன்றாம் வருஷம் அரைப் பரீட்சையில் வெளியிலிருந்து அச்சடித்து வாங்கிய கேள்வித்தாளில் ஒரு மார்க் கேள்வி: டேப்பிர் எதன் இனம்? கூடவே வந்த விடைக்குறிப்பில் 'பன்றி' என்று போட்டிருந்தது. பிள்ளைகளும் கேள்விக்குப் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார்கள். இவன் அத்தனை பேருக்கும் சிவப்பு மையில் தப்பு போட்டான். பெற்றோர்கள் திரண்டு வந்தார்கள். தாளாளர் கூப்பிட்டார்.

"ஒரு மார்க்தானே சார், போட்டுடுங்க."

"எல்லாருக்கும் சும்மாவே மார்க் போட்டுடறேன் சார். ஆனா பன்னின்னு சரி போட முடியாது."

"அது என்னா உங்க ஒறமொறையா?"

இவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப தூரத்து ஒறமொற சார்" என்றிருக்கிறான். விஞ்ஞானப்படி அது உண்மை. கிண்டல் என்று நினைத்துக்கொண்டார் தாளாளர். விடைக்குறிப்பில் உள்ளபடி திருத்துங்கள், இல்லாவிட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்றார். இவன் சாக்பீஸ் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அடுத்த வாரம் சிதம்பரத்தில் பெண் பார்க்கும் ஏற்பாடு. வேலை போனது தெரிந்தால் சம்பந்தம் போய்விடும் என்று அவனுடைய மாமா வண்டியிலேயே பாடம் நடத்தினார். "வேற எடத்துல ஜாஸ்தி சம்பளம் வருதுன்னு சொல்லு. மிருகத்தப் பத்தி வாயவே தொறக்காத." துணைக்கு நானும் போயிருந்தேன். பெண் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காபி வந்தது. "வேலைய வுட்டுட்டதா கேள்விப்பட்டனே?" என்று அவள் அப்பா கேட்டதும் இவன் வாயைத் திறந்தான். குளம்பு, விரல், வம்சம், தாளாளர், எல்லாம் வந்துவிட்டது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். நான் காபியிலேயே கவனமாக இருந்தேன்.

கதவோரம் நின்ற பெண்தான் பேசினாள். "பாக்கறதுக்கு பன்னி மாதிரிதான் இருக்குமா?"

"இருக்குங்க" என்றான். "அதான் அதுக்கு கஷ்டம். பாத்ததும் முடிவு பண்ணிடறாங்க. காலப் பாக்கறதில்ல."

"குட்டி?"

"குட்டி உடம்பு பூரா கோடும் புள்ளியுமா இருக்கும். தர்ப்பூசணிக்கு காலு மொளச்ச மாதிரி. அம்மா வயித்துல பதிமூணு மாசம் இருந்துட்டு வரும்."

"பதிமூணு மாசமா? பாவம் அந்த அம்மா" என்றாள் நர்ஸ்.

அந்த மிருகத்துக்காக இன்னொருவர் வருத்தப்பட்டு அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் கிளம்பிப் போன பிறகு அவள் அப்பாவிடம் சொன்னதாகப் பின்னால் தெரிந்தது: "பாக்காத ஒரு மிருகத்த தப்பா சொல்லக்கூடாதுன்னு வேலைய வுட்டவரு, என்னப் பத்தி நாலு பேரு தப்பா சொன்னா கேட்டுக்கிட்டு நிப்பாராப்பா?"

கல்யாணம் நடந்தது. டுடோரியலில் பாடம் எடுத்தான், அப்புறம் வடலூரில் வேறொரு பள்ளியில் சேர்ந்தான். இரண்டு வருஷம் கழித்து, மலேசியாவில் வேலை பார்த்த மச்சினன் இரண்டு பேரையும் அழைத்தான். ஊர் சுற்றிப் பார்க்கத்தான் கூப்பிட்டான். இறங்கிய மறுநாள் காலையே இவர்கள் போனது மிருகக்காட்சி சாலைக்கு.

அங்கிருந்து எனக்குப் போன் வந்தது. அவன் மனைவிதான் பேசினாள்.

"அண்ணா, பாத்துட்டாரு. தண்ணிக்குள்ள படுத்திருந்திச்சி, மூக்கு மட்டும் வெளிய தெரிஞ்சிது. இப்ப ஏறி வந்து எதுத்தாப்புல நிக்கிது. கூட குட்டியும் இருக்கு."

"என்னாம்மா சொல்றான்?"

"கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கறாருண்ணா. கண்ணெல்லாம் தண்ணி. இருங்க, குடுக்கறேன்."

"மச்சான்" என்றான். மூச்சு மட்டும் கேட்டது. ஆபீஸில் என் மேஜையைச் சுற்றி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் போனை வைக்கவில்லை. அவன் ஆசை தீரப் பார்த்து முடிக்கட்டும் என்று காதோடு வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.