கட்டிலுக்கு ஒரு பெயர்

பாலக்கோட்டை அடுத்த அந்த முதியோர் விடுதியின் வார்டன் குப்புராஜுக்குக் காலையிலேயே வியர்த்துக் கொட்டியது. 'யாரையும் கட்டில் நம்பர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்' என்று 1973-ஆம் வருஷப் பொங்கலுக்கே உத்தரவு வந்துவிட்டது. அதைச் சோதிக்கத் தர்மபுரியிலிருந்து அதிகாரி அம்மாள் பத்து மணிக்கு வருகிறார். குப்புராஜோ நாலு வருஷமாக "ஏய் ஏழு, கஞ்சிக்கு வா" என்றே காலம் தள்ளியவர்.

முதல் வேலையாகக் கட்டில்களில் எழுதியிருந்த நம்பர்களைச் சுரண்டி எடுத்தார். எடுத்த பிறகுதான் உறைத்தது, இனி யார் ஏழு, யார் எட்டு என்பதும் தெரியாது.

பதிவேட்டைப் பார்த்து, இருந்த பன்னிரண்டு பேருக்கும் அட்டை எழுதி, குத்துமதிப்பாகக் கட்டிலுக்கு ஒன்று மாட்டினார். பதிமூன்றாவது கட்டில் காலி. அவர்களையே கேட்டிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து "உங்க பேரென்ன?" என்று கேட்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜீப் வந்து நின்றது.

"இவங்க ஜான் பீ, அம்மா," என்றார் குப்புராஜ். கிழவியின் நெற்றி நிறையத் திருநீறு.

அதிகாரி உற்றுப் பார்த்தார். "அப்படியாங்க ஆயா?"

"ஆமா கண்ணு. நான்தான் ஜான் பீ."

அடுத்த கட்டிலில் ஜெபமாலை போட்ட கிழவர். அட்டையில் கருப்பண்ணன்.

"ஆமாங்க, கருப்பண்ணன்தானுங்க," என்றார் அவரும்.

குப்புராஜுக்கு அப்போதுதான் முதல் கட்டில் கிழவியின் திருநீறு கண்ணில் பட்டது. பதறிப்போய் அவளிடமே திரும்பி வந்தார். "மாத்திச் சொல்லிட்டனுங்க. இவங்க செல்லம்மாள்!"

"ஆமா கண்ணு, செல்லம்மாளும் நான்தான்."

குப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டார். வேலை போய்விடும் என்ற பயம்கூடப் பின்னுக்குப் போய்விட்டது. நாலு வருஷம் கஞ்சி ஊற்றிய கை, ஒரு நாளாவது அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லையே என்று கூசிப்போனார்.

கிழவி அதிகாரியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்; ரகசியம் கூடத்துக்கே கேட்டது.

"அவர வையாதீங்க கண்ணு. எம்பேரு காசியம்மா. அவருக்குப் பாவம் மறதி வியாதி, நாலு வருசமா ஒருத்தர் பேரும் நெனப்புல நிக்கல. நாங்கதான் மனசு நோகாம பாத்துக்கறோம். ஒரு கட்டிலு காலியாத்தான் கெடக்குது, அவரையும் இங்கயே சேத்துக்கங்க."