நடுவில் கட்டம் இல்லாத படிவம்

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைத் துறையில் ஒரு மோட்டார் சைக்கிள் கெட்டுப்போவது சாதாரண விஷயம். அது கெட்டுத்தான் போயிருக்கிறது என்று மேலிடத்தை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடு. பதினெட்டு வருஷமாக இந்தப் பணிமனையில் ஸ்பேனர் பிடிக்கிறேன். என் தலைமயிர் கொட்டியது வயதால் இல்லை, படிவங்களால்.

கெட்டது ஏழாம் எண் வண்டி. அதை ஓட்டுபவன் என் மனைவியின் தம்பி, இன்னும் நிரந்தரமாகாதவன். ஊரெல்லாம் சுற்றிப் பரிசோதனைக்கான தண்ணீர் பாட்டில்களைச் சேகரித்துப் பதினொரு மணிக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது அவன் வேலை. மூன்று முறை தாமதமானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு முறை ஆகிவிட்டது. ஆக்ஸிலேட்டரைக் கால்வாசி முறுக்கினால் போதும், வண்டி இருமும், திணறும், ஒரு குதி குதித்து நின்றுவிடும்.

பாட்டிலைவிடத் தான்தான் அதிகமாகக் குலுங்குவதாக மச்சினன் முறையிட்டான். என் மனைவி அவ்வளவு நயமாகச் சொல்லவில்லை. தம்பிக்கு வேலை போனால் நான் என் ஸ்பேனரோடேயே குடும்பம் நடத்திக்கொள்ளலாம் என்றாள்.

நோயைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கியிருக்கிறோம் என்று எஞ்சினுக்குச் சொல்ல த்ராட்டில் சென்சார் என்று ஒன்று உண்டு, கட்டைவிரல் அளவு. சாவியைப் போட்டு, எஞ்சினைக் கிளப்பாமல், அதன் ஒயரில் முள் மீட்டரை வைத்து மெதுவாக முறுக்கினேன். மூடியிருந்தால் அரை வோல்ட், முழுசாகத் திறந்தால் நாலரை வோல்ட். இடையில் முள் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். இந்த முள்ளோ கால்வாசியில் பொத்தென்று விழுந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து மேலே போனது. பத்து தடவை முறுக்கினேன், பத்து தடவையும் அதே இடத்தில் விழுந்தது. உள்ளே தேய்ந்துவிட்டது. வேறு சென்சார் போட்டால் தீர்ந்தது.

அப்படித் தீர்ந்துவிட்டால் மேலாளர் எதற்கு? எங்கள் வாகனப் பிரிவு மேலாளர் 'புகார்கள் பூஜ்யம்' என்று ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தவர். அன்றிலிருந்து அவர் எங்களுக்குப் பூஜ்யம் சார், அவர் காதில் விழாதவரை. பயிற்சியிலிருந்து கழுத்தில் ஒரு பச்சை நாடாவும், புகாரை 'மேம்பாட்டு வாய்ப்பு' என்று சொல்லும் வியாதியும், ஒரு டேப்லெட்டும் கொண்டுவந்தார். இனிமேல் கோளாறை மெக்கானிக் சொல்லக் கூடாது, அந்த டேப்லெட்தான் சொல்லும். த்ராட்டில் சென்சாருக்கு அதில் இரண்டே கட்டம்: மூடிய நிலை, முழுத் திறப்பு நிலை.

அரை, நாலரை என்று நிரப்பினேன். திரை பச்சையானது. உள்ளேயிருந்து கைதட்டல் சத்தம் வேறு.

பூஜ்யம் சாரைக் கூட்டிவந்து மீட்டரைக் காட்டினேன். முள் விழுவதைக் கண்ணாலேயே பார்த்தார்.

"சரிப்பா, நடுவுக்குக் கட்டம் எங்கே இருக்கு?"

"கட்டம் இல்ல சார். கோளாறு இருக்கு."

"கட்டமே இல்லாத இடத்துல கோளாறு எப்படி இருக்கும்? அதுவும் ஓட்டுறது உங்க மச்சினன். சொந்தக்காரன் வண்டியில நீங்களே நோய் கண்டுபிடிச்சா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

சும்மா சொல்லக் கூடாது, இரக்கமுள்ள மனிதர். சாயங்காலமே சுற்றறிக்கை வந்துவிட்டது. 'வாகன எண் ஏழினை இயக்குவோர், செயலியால் அங்கீகரிக்கப்பட்ட இரு நிலைகளில் மட்டுமே ஆக்ஸிலேட்டரைப் பயன்படுத்துமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறார்கள்.' அதாவது முறுக்காதே, முறுக்கினால் முழுசாக முறுக்கு.

மச்சினன் உத்தரவை மதிப்பவன். மறுநாள் காலையில் முழுசாக முறுக்கினான். வாசலில் காவலாளியின் நாற்காலி சுக்குநூறானது. காவலாளி டீ குடிக்க அப்போதுதான் எழுந்துபோயிருந்தார், அதனால் துறைக்கு நாற்காலி மட்டும்தான் நஷ்டம். பத்தே முக்காலுக்கே ஆய்வகம் போய்ச் சேர்ந்தவன் வெளிறிய முகத்தோடு திரும்பி வந்தான்.

"நாளைக்கு நான் உருட்டிக்கிட்டே போறேன் மாமா. வேலை போனா போகட்டும், ஒரு ஆள் செத்திருப்பார்."

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் கொட்டகைக்குப் பின்னால் போனேன். வயதாகிவிட்டதென்று கழித்துக்கட்டிய மூன்றாம் எண் வண்டி அங்கே ஏலத்துக்குக் காத்து நின்றது. அதன் சென்சாரைக் கழற்றி ஏழில் மாட்டினேன். ஏழின் சென்சாரை மூன்றில் மாட்டினேன், தணிக்கையில் எதுவும் குறையக் கூடாதல்லவா? மீட்டரில் முள் வழுக்கிக்கொண்டு ஏறியது. அந்த மாதம் முழுக்க மச்சினன் பத்தரைக்கே ஆய்வகத்தில் இருந்தான். அவனை நிரந்தரமாக்கும் கோப்பு பூஜ்யம் சார் மேஜைக்கு வந்தது.

வந்ததும் அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. என்னைக் கூப்பிட்டு, ஏழாம் எண் இப்போது குலுங்குவதில்லையாமே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அவர் கையில் பேனா, பேனாவுக்குக் கீழே மச்சினனின் கோப்பு. சரிசெய்தேன் என்றால் கோளாறு இருந்தது என்றாகும். கோளாறு இருந்தது என்றால் டேப்லெட் பொய் சொல்லியது என்றாகும். அந்தப் பேனா அப்புறம் கையெழுத்துப் போடுமா?

"நான் ஒண்ணும் பண்ணல சார்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியே எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். மச்சினன் நிரந்தரமானான், என் மனைவி பழையபடி என்னோடு பேச ஆரம்பித்தாள். நான் எழுதிக் கொடுத்த தாளோ மேலே மேலே போய், 'தலையிடாப் பராமரிப்பு முறை' என்ற பெயரோடு திரும்பி வந்தது. எதையும் தொடாமலேயே ஒரு வாகனத்தைக் குணப்படுத்திய முதல் மெக்கானிக் நான்தானாம். எனக்கு ஒரு பச்சை நாடா, பயிற்றுநர் பதவி, போய்வர ஒரு வண்டி. கழித்துக்கட்டிய வண்டிகளையும் டேப்லெட்டில் சோதித்ததில் ஒன்று பச்சை காட்டிக் கைதட்டியதாம். அதை ஏலத்திலிருந்து மீட்டு எனக்கே கொடுத்தார்கள். மூன்றாம் எண்.

சென்சாரை மாற்றித் தொலைக்கலாமே என்பீர்கள். மாற்றினால் எழுதிக் கொடுத்தது என்னாவது, மச்சினனின் நிரந்தர வேலை உத்தரவு என்னாவது? இருமி, திணறி, குதித்துக்கொண்டே நேற்று பயிற்சி மையத்துக்குப் போனேன். வகுப்பில் நாற்பது மெக்கானிக்குகள், முன்வரிசையில் பூஜ்யம் சார். ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி என்று இரண்டு மணி நேரம் விளக்கினேன். முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது, வேலை தெரிந்த கை.

"சார், நீங்க வந்த வண்டி கேட்டுக்குள்ள மூணு தடவை குதிச்சு நின்னுச்சு. கால்வாசி முறுக்குல சென்சார் விழுது. மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா?"

பூஜ்யம் சார் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"நடுவுக்குக் கட்டம் இல்லம்மா" என்றேன்.

வகுப்பே கைதட்டியது. அவள் மட்டும் தட்டவில்லை. பையிலிருந்து எடுத்திருந்த முள் மீட்டரைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.