ரத்து செய்வதை ரத்து செய்பவர்

மார்ச் 4: 22 நிமிடம்.
மார்ச் 11: 41 நிமிடம்.
மார்ச் 19: 67 நிமிடம்.

முகம் பார்க்காத ஒருவரிடம் நான் இழந்த நேரம் இது. பெயர் தெரியாது, இனம் தெரியும். வாசல் ஒளிப்பவர். இணையதளம் வடிவமைப்பது தொழில். உள்ளே வர அவர் வைக்கும் வழியில் இரண்டு லாரிகள் பக்கம் பக்கமாக நுழையலாம். வெளியேறும் வழியோ 'உதவி'க்குள் 'மேலும்', அதற்குள் 'பிற', அதன் அடியில் சாம்பல் நிறத்தின்மேல் சாம்பல் நிறத்தில் எறும்பு எழுத்தாகக் கிடக்கும். கண்டுபிடித்துவிட்டீர்களா? நேரம் முடிந்தது என்று மறுபடி கடவுச்சொல் கேட்பார்.

என் அண்ணன் ஒரு நடைப்பயிற்சிச் சேவையில் அண்ணியின் போன் எண்ணைக் கொடுத்துச் சேர்ந்திருந்தார். ஜனவரியில் காலமானார். சேவைக்கு அது தெரியாது. தினமும் காலை ஆறு மணிக்கு, நாளுக்கொரு எண்ணிலிருந்து, அண்ணியின் போனில் ஒரு குரல்: "இன்று நீங்கள் இன்னும் ஓர் அடிகூட நடக்கவில்லை." அண்ணி ஐந்தரைக்கே எழுந்து போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நிறுத்திக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் நாள், ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டு ஆறு பதில்கள் தந்தார்கள். காலமானவருக்கு அதில் இடமில்லை. 'வேறிடம் குடிபெயர்ந்தேன்' என்பது உண்மைக்கு அருகில் இருந்தது, தொட்டேன். புது முகவரி கேட்டார்கள்.

இரண்டாம் முறை கடைசிப் பக்கம்வரை போய்விட்டேன். 'சேவையை ரத்து செய்யவா?' கீழே இரண்டு பொத்தான்கள்: 'சரி', 'ரத்து'. நான் எதையும் சொல்லுக்குச் சொல் படிப்பவன். 'ரத்து' என்பதை அழுத்தினேன். 'உங்கள் ரத்து ரத்து செய்யப்பட்டது. தொடர்வதற்கு நன்றி.'

மூன்றாம் முறை போன். இசை மட்டும் ஐம்பத்தெட்டு நிமிடம். பிறகு வந்த பெண், உறுப்பினரே பேச வேண்டும் என்றார். விஷயத்தைச் சொன்னேன். அப்படியும் விதி அதுதானாம். அண்ணி போனை வாங்கிக்கொண்டார்.

"அவர் லைனுக்கு வந்தார்னா சொல்லும்மா. எனக்கும் அவர்கிட்ட நாலு கேள்வி இருக்கு."

அந்தப் பெண் தணிந்த குரலில், "'சரி'ய அழுத்துங்கம்மா. 'ரத்து'ன்னு அழுத்தினா ரத்தாகாது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அழுத்தினோம். மறுநாள் அண்ணி ஏழு மணிவரை தூங்கினார்.

சிரிக்கிறீர்கள். போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்தவர் புறப்பட எழுந்தபோது, "அதுக்குள்ளயா?" என்று உட்கார வைத்தது யார்? அவர் செருப்பு மாட்டியபின் கதவை மறித்து நின்றுகொண்டு, ஒன்று சொல்ல மறந்துவிட்டதாகப் புதுக் கதை தொடங்கியது யார்? அவரும் பொத்தானைத் தேடிக்கொண்டுதான் நின்றிருப்பார்.

அண்ணன் பெயருக்குக் கடைசியாக ஒரு கடிதம் வந்தது: 'நீங்கள் பிரிந்து சென்றதில் வருந்துகிறோம். எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம்.' அண்ணி அதை என்னிடம் கொடுக்கவில்லை, தானே வைத்துக்கொண்டார். வந்த தேதி, ஏப்ரல் 2.