பொரியாத முட்டையும் ஏழு முடிச்சுக் கயிறும்

ஹோண்டுராசின் வாழைத்தோட்ட ஊரான சான் கயெத்தானோவில், சனிக்கிழமைச் சந்தையில் கருப்பைக்குப் பூட்டு விற்றது. ஏழு முடிச்சுச் சிவப்புக் கயிறு. இடுப்பில் கட்டினால் பிள்ளை தங்காதாம். விற்றவன் புளூட்டார்கோ; ஊர் மரியாதையாகத் 'தோன்' என்று அழைத்தது. சாட்சிக்குக் கூண்டில் ஒரு கோழி. மூன்று வாரமாக அடைகாத்தும் ஒரு முட்டையும் பொரியவில்லை. கூட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தான்.

"நர்ஸம்மா என்ன சொல்றா? மாத்திரையை மறக்காமப் போட்டா வருஷத்துல நூத்துல ஒருத்திக்குக்கூடப் பிள்ளை நிக்காது. மறந்து மறந்து போட்டா ஏழு பேருக்கு நின்னுரும்னு அவ வாயாலயே சொல்றா. என் கயிறு ஒருத்திகிட்டயும் தோக்காது. தோத்தா, அவ வேற ஆம்பளைகிட்டப் போயிருக்கான்னு அர்த்தம்."

அடடா, என்ன மூளை! வயிறு வீங்கினவள் எவளும் வாயைத் திறக்க மாட்டாள். உண்மையைச் சொன்ன நர்ஸ் மார்லென் ஈ ஓட்டினாள். புளுகியவன் முன்னால் நீள வரிசை.

கோழி வளர்த்து முட்டை விற்கும் நிகனோராவும் கயிறு கட்டி, மாத்திரையைக் குப்பையில் போட்டாள். மூன்றாம் மாதமே வாந்தி. அவள் புருஷன் யூசேபியோ தோட்டத்தில் வாழைத்தார் சுமப்பவன். அவன் கத்தவில்லை. "யாரு?" என்று மட்டும் கேட்டான்.

"நீதான், மடையா."

"கயிறு பொய் சொல்லாதுங்கிறாங்க."

"அப்ப நான் சொல்வேனா? நாலு பிள்ளை பெத்தேனே, அதெல்லாம் யாரு?"

அவன் அவள் துணிகளை மூட்டை கட்டினான்.

அடுத்த சனிக்கிழமை நிகனோரா கூண்டருகே குனிந்தாள். வெள்ளை வெளேரென்று கழுவிய முட்டைகள். பண்ணையிலிருந்து கடைக்கு வருபவை. சேவலைக் கண்ணாலும் பார்க்காத கோழிகள் இட்டவை. பத்து வருஷம் அடைகாத்தாலும் பொரியாது. இத்தனை நாள் இதைப் பார்க்கத் தோன்றவில்லையே என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

அடைக்கு உட்கார்ந்திருந்த தன் கோழியையும் சேவலோடு மேயும் தன் கோழிகள் இட்டு, அன்று காலை பொறுக்கிய பத்து முட்டைகளையும் கொண்டு வந்தாள். ஊர் பார்க்க மளிகைக்கடை வாசலில் வைத்தாள்.

"தோன் புளூட்டார்கோ, உங்க கையாலயே கட்டுங்க."

"என்னம்மா, சந்தேகமா?"

"சந்தேகம் என் புருஷனுக்கு. மூணு சனிக்கிழமை பொறுப்போம்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டாமல் போனால் வியாபாரம் போகும். கட்டினான்.

யூசேபியோ மூட்டையை அவிழ்க்கவில்லை. "பொரியலைன்னா நீ கிளம்பு" என்றவன், எவனும் முட்டையை மாற்றாதபடி கூண்டருகே தானும் கடைக்காரரும் மாறி மாறிக் காவலிருக்க ஏற்பாடு செய்தான்.

மூன்றாம் சனிக்கிழமை. அன்றைய விற்பனையை விட மனமில்லை புளூட்டார்கோவுக்கு. அதை முடித்துக்கொண்டு, முட்டை பொரியுமுன் மதியப் பேருந்தில் நழுவ நினைத்திருந்தான். பத்து மணிக்கே ஓடு விரிசல் விட்டது. எட்டுக் குஞ்சுகள். ஒன்று சிவப்புக் கயிற்றின் மேல் ஏறி நின்று கத்தியது.

"ரெண்டு பொரியலையே. அது என் கயிறோட வேலை" என்றான் அவன்.

"பத்துல ரெண்டு முட்டை, கயிறு கட்டாமலும் கெட்டுப்போகும். எட்டு பொரிஞ்சிருக்கே, அதுக்குப் பதில் சொல்லுங்க. என் கோழி வேற சேவல்கிட்டப் போயிருச்சா?"

முதலில் சிரித்தவள் பின்வரிசையில் நின்ற ஒருத்தி. அவளுக்கும் ஆறு மாதம்; சால்வையால் மறைத்திருந்தாள். சால்வையை எடுத்தாள். அவள் பக்கத்தில் இன்னொருத்தி. அப்புறம் மூன்று பேர். புளூட்டார்கோ பேருந்துக்கு ஓடினான். ஒரு செருப்பு சந்தையிலேயே கிடந்தது.

யூசேபியோ வீட்டுக்குப் போய் மூட்டையை அவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாக மடித்தான்.

"மடிச்சு முடிச்சா சரியாப் போயிருமா?" என்றாள் நிகனோரா. அவன் அடுத்த துணியை எடுத்தான்.

மார்லென் வாசலில் இப்போது வரிசை நிற்கிறது. பெண்களே, இந்த மருந்து இப்படித் தோற்கும் என்று முகத்துக்கு நேரே சொல்பவளை நம்புங்கள். தோற்கவே தோற்காது என்பவனிடம், முட்டை எந்தக் கடையில் வாங்கினாய் என்று முதலில் கேளுங்கள்.