அத்தைக்குக் கொடுத்த ஓசோன் தண்ணீர்

ஒரு வேலையை நானே போய்ச் செய்யாமல் வேறொன்றை வைத்துச் செய்ய முடியும் என்றால், அப்படித்தான் செய்வேன். என் மனைவி சுமதி இதைச் சோம்பேறித்தனம் என்பாள். நான் தொழில்நுட்பம் என்பேன். இந்தக் குணத்தால் என் அத்தை ஒன்பது வருடம் போடியில் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனசு இரங்கி வந்த அன்றைக்கும் அதே குணத்தால்தான் அவளை வந்த வழியே அனுப்பப் பார்த்தேன்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. போடிமெட்டுக்கு மேலே இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறாள். என் கல்யாணத்துக்கு அவளை நேரில் போய், தாம்பூலத் தட்டில் பத்திரிகை வைத்து அழைப்பதுதான் முறை. அப்பாவுக்கு அப்போது மூட்டுவலி. "நீயே போய்க் கூப்புட்டு வாப்பா" என்று என்னை அனுப்பினார். எனக்குக் கொண்டை ஊசி வளைவு என்றாலே தலை சுற்றும். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவரிடம் தட்டை நீட்டி, "அத்தை வீட்ல குடுத்துருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கீழேயே நின்றுகொண்டேன். (வெற்றிலை வாடாமல் போய்ச் சேர்ந்ததாம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.)

அத்தை கல்யாணத்துக்கு வரவில்லை. அதே டிரைவரிடம் பதில் வந்தது: "கூடப் பொறந்தவளுக்குப் பத்திரிகைய லோடோட லோடா ஏத்தி விட்டவுக வீட்ல இனிப் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்னு சொல்லு." அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தப்பு தன்மேல்தான் என்று எல்லோரிடமும் சொன்னார். நானும் அவரை அப்படிச் சொல்லவிட்டு, வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். சேதி மலைக்கு எட்டி, ஞாயிற்றுக்கிழமை அத்தை வருகிறாள் என்று போன் வந்தது. ஞாயிறு காலை அப்பா சவரம் செய்துகொண்டார்; வெள்ளைச் சட்டை கேட்டார். என்னைப் பக்கத்தில் அழைத்து, "அவ வந்ததும் ஒரு டம்ளர் தண்ணி குடுப்பா. அவ குடிச்சுட்டாப் போதும் எனக்கு" என்றார்.

அந்தத் தண்ணீர் சாதாரணத் தண்ணீராக இருக்கலாமா?

டாக்டர், அப்பாவுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்றுதான் சொல்லியிருந்தார். கொதிக்க வைப்பது மற்ற மனிதர்கள் செய்வது. நான் ஓசோன் மெசின் ஒன்றை வரவழைத்திருந்தேன்; முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான். அதிலிருந்து ஒரு டியூப். டியூப் நுனியில் மீன்தொட்டியில் போடுவது போல ஒரு கல். கல்லைக் குடத்துக்குள் விட்டால் கொப்புளம் கொப்புளமாக ஓசோன் வந்து கிருமியைக் கொல்லும். பதினைந்து நிமிடம் போதும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அத்தைக்காக ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். (அடுத்த பக்கத்தில், தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லியிருந்தது. அடுத்த பக்கத்தை யார் படித்தார்கள்?)

"நீங்க ஒங்க மிசினை ஓட்டுங்க. நான் ஒரு சட்டி கொதிக்க வச்சுக்கிறேன்" என்றாள் சுமதி.

அத்தை ஜீப்பிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் நேரே அப்பாவின் கட்டிலுக்குப் போய் நின்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் பாய்ந்து போய்க் குடத்திலிருந்து வெள்ளி டம்ளரில் மொண்டு வந்து நீட்டினேன். என் கண் முழுக்க அத்தையின் முகத்தில்தான் இருந்தது. டம்ளருக்குள் நான் பார்க்கவில்லை.

அத்தை பார்த்தாள். பிறகு மோந்தாள். ஏலக்காய் மூட்டையை மோந்தே எது ஈரம் என்று சொல்கிற மூக்கு அது.

"என்னடா இது, ஒயரு கருகுன வாடை அடிக்குது? டீத்தண்ணி மாதிரி வேற இருக்கு!"

எட்டிப் பார்த்தேன். எங்கள் போர்வெல் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்குள் கரைந்து கிடந்த இரும்பையெல்லாம் என் ஓசோன் ஒரு மணி நேரத்தில் துருவாக்கி வெளியே கொண்டுவந்திருந்தது.

"சுத்தம் பண்ணுன தண்ணி அத்தே" என்றேன். (ஆமாம், அப்படியேதான் சொன்னேன்.)

அத்தையின் கண் நிறைந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "அன்னைக்குப் பத்திரிகைய ஜீப்புல ஏத்தி விட்ட. இன்னைக்குத் துருத்தண்ணி குடுக்கச் சொல்றியாண்ணே? அம்புட்டு எளக்காரமாப் போச்சா ஒனக்கு நான்?"

அப்பா அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். காலையில் சவரம் செய்த அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஜீப்புல விட்டது நான்தான் அத்தே. அப்பா என்னைத்தான் நேர்ல போகச் சொன்னாரு. நான் போகல. இத்தன வருசமாச் சொல்லவும் இல்ல."

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவன் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பது பார்க்கச் சகிக்காது.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வார்த்த சொல்ல ஒம்பது வருசமும் ஒரு மிசினும் வேணுமாக்கும் ஒனக்கு" என்றாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "தாயி, மிசினுக்குள்ள போகாத வெள்ளம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். (மலையில் மலையாளம் கலந்து, தண்ணீரை அப்படித்தான் சொல்வார்கள்.)

சுமதி ஆறவைத்த தண்ணீரைக் கொண்டுவந்தாள். அத்தை டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மோந்து, மடமடவென்று குடித்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அத்தை சாய்த்துப் பார்க்காமல், மோந்து பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். விருந்தாளிகள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மெசின் பரணில் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்கு முடிவு நெருங்கியது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அவர் வாயில் தண்ணீர் விட்டார்கள். அத்தையின் முறை வந்தது. அழுதுகொண்டே டம்ளரை வாங்கியவள், ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்து, ஒருமுறை மோந்தாள். சுமதி புடவைத் தலைப்பை வாயில் அழுத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அப்புறம் நான். அப்புறம் அத்தையே சிரித்தாள், கண்ணீர் வழிய.

"மிசினுக்குள்ள போகாததுதான்ணே" என்று அப்பாவின் காதருகே குனிந்து சொன்னாள். "குடி."

அப்பா குடித்தார்.