மச்சக்காரருக்குப் போட்ட மாலை

உயிரோடு இருக்கிற மனிதரின் படத்துக்கு மாலை போட்டுவிட்டால் அதை எப்படிக் கழற்றுவது என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவரே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் கஷ்டம். எனக்கு அந்த அனுபவம் உண்டு.

அப்போது நான் துபாயில், தேராவில், ஒரு கொரியாக்காரர் வீட்டில் சமையலுக்கு இருந்தேன். சார் கட்டடக் கம்பெனியில் இன்ஜினியர், அதிகம் பேசமாட்டார். மேடம் பேசுவார். ஆனால் அவருடைய இங்கிலீஷ் அரைகுறை, என்னுடையது அதில் கால்வாசி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே கூச்சப்படுவேன். (இவ்வளவு கூத்தும் அந்தக் கூச்சத்தால் வந்ததுதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்டால்தானே!)

மேடத்தின் இழுப்பறையில் ஒரு பழைய படம் கவிழ்ந்தே கிடக்கும். ஒருநாள் தூசு தட்டும்போது அவரே எடுத்துக் காட்டினார். ஒரு பெரியவர், பக்கத்தில் தாடையில் பெரிய மச்சத்தோடு ஓர் இளைஞர். "அப்பா. அண்ணன்" என்றார். அண்ணன் நாடகக்காரர். அப்பா இறந்த அன்று அவர் மேடையில் இருந்தார். அவருடைய வேஷத்தைக் கட்ட வேறு ஆள் கிடையாது, டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது. அடுத்தடுத்த நாளும் நாடகம் இருந்தது. அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூத்த மகன் விழுந்து வணங்காமலே அப்பாவை அனுப்பிவைத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக மேடம் அவரோடு பேசவில்லை.

"நோ டாக்" என்று சொல்லி, படத்தை மறுபடி கவிழ்த்தார். ஆனால் கை மட்டும் அதன் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. கூடப் பிறந்தவரோடு பேசாமல் இருப்பது என்ன பாரம் என்று அந்தக் கையைப் பார்த்தாலே தெரியும். இவர்கள் எப்படியாவது பேசிவிட வேண்டும் என்று அன்றிலிருந்து நானும் வேண்டிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. மேடம் காதில் வைத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரே அழுகை. சார் கார் சாவியை எடுத்தார்.

"சார், லஞ்ச்?" என்றேன்.

"ஏர்போர்ட்" என்றார். கதவு சாத்திக்கொண்டது.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் சாவு விழுந்தாலும் எங்களுக்கு ஏர்போர்ட், தொழிலாளர் கேம்பில் ஒருவர் போய்விட்டாலும் சவப்பெட்டி ஏறுவது ஏர்போர்ட்டில்தான். அழுதுகொண்டே அங்கே ஓடுகிறவர்கள் வேறு எதற்கு ஓடுவார்கள்?

மனசு சரியில்லாமல் கூடத்துக்கு வந்தேன். மேடம் வைத்துவிட்டுப் போன கொரியா டீவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெரிய படம். கறுப்பு ரிப்பன் கட்டி, சுற்றிலும் வெள்ளைப் பூக்கள். கறுப்பு உடுப்புப் போட்டவர்கள் வரிசையாக வந்து விழுந்து கும்பிட்டார்கள். படத்தில் இருந்தவருக்குத் தலை நரைத்திருந்தது. தாடையில் அதே மச்சம்.

அண்ணன் நாடகத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வயசான காலத்தில் டீவித் தொடரில் நடிக்க வந்துவிட்டார் என்று யார் சொன்னார்கள்? நான் அதைச் செய்தி என்றே நினைத்தேன். பேசாமலே போய்விட்டாரே மனுஷன் என்று எனக்கே அழுகை வந்தது.

அடுப்பை அணைத்தேன். துக்க வீட்டில் சமைப்பார்களா? படத்தை எடுத்து நிமிர்த்தி, கூடத்து மேசையில் சுவரோடு சாய்த்து வைத்தேன். பூஜைக்கென்று ஃப்ரிட்ஜில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தைப் போட்டேன். விளக்கு, ஊதுபத்தி. தனியாக அழப் பயமாக இருந்ததால் பக்கத்து ஃபிளாட் பிலோமினா அக்காவைக் கூப்பிட்டேன். தூத்துக்குடிக் கடற்கரைக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து தூங்கப்போனவள், ஒரு மெழுகுவத்தியும் ஒரு சட்டி கஞ்சியும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"எப்படிளா போனாரு, செல்லம்?"

"தெரியலக்கா. டீவியிலயே போட்டுட்டாங்க."

"டீவியில போடுற அளவுக்குப் பெரிய மனுஷரா! ஐயோ, அந்த மேடம் தனியாக் கெடந்து தவிக்குமே!" என்று அவள் தொடங்க, நானும் சேர்ந்துகொண்டேன். நேரில் பார்த்தறியாத ஒரு கொரியாக்காரருக்காக என் அறந்தாங்கியும் அவள் தூத்துக்குடியும் கட்டிப்பிடித்து அழுதோம்.

லிஃப்ட் திறக்கிற சத்தம் கேட்டது. மேடம் வந்தார், சார் வந்தார். பின்னாலேயே சூட்கேஸைத் தள்ளிக்கொண்டு, பூப்போட்ட சட்டையும் சிவப்புத் தொப்பியுமாக இறந்தவரும் வந்தார்.

"ஏளா… பாடி நடந்து வருதுளா!" பிலோமினா அக்கா என் கையை நசுக்கிவிட்டாள்.

பாலைவனத்தில் படப்பிடிப்புக்காக வந்திறங்கியவர், 'வீட்டுக்கு வரலாமா' என்று ஏர்போர்ட்டிலிருந்து தங்கைக்குப் போன் செய்திருக்கிறார். அதற்குத்தான் அந்த அழுகை.

மேடம் படத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாட் இஸ் திஸ்!" என்று கத்தினார். வெள்ளைப் பூ அவர்கள் ஊரில் சாவுக்குத்தானாம். பத்து வருஷம் கழித்து வாசல் ஏறிய அண்ணனை நான் சாகடித்து வைத்திருந்தேன். அவர் கோபித்துக்கொண்டு இப்படியே திரும்பிவிட்டால், இந்த ஜன்மத்தில் இனி இவர்கள் பேசப்போவதில்லை. என் வேலை போகும் கவலைகூட அதற்கு அப்புறம்தான். விரலால் டீவியைக் காட்டினேன்.

டீவியில் அவருடைய படத்தின் முன்னால் இன்னும் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். சூட்கேஸை விட்டார். தொப்பியைக் கழற்றினார். மெதுவாக நடந்துபோய், மாலை போட்ட அந்தப் படத்தின் முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். எழுந்தார். மறுபடியும் குனிந்தார். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

படத்தில் அவர் மட்டுமா இருந்தார்? அப்பாவும் இருந்தாரே.

மேடத்துக்கு அது புரிந்தது. பக்கத்தில் போய் மண்டியிட்டு அண்ணனின் முதுகில் கையை வைத்தார். இழுப்பறையில் பார்த்தேனே, அதே கை. சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிலோமினா அக்கா மெழுகுவத்தியைச் சரிசெய்தாள். அது நேராகத்தான் நின்றுகொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அவர் எழுந்தார். ஒரு விரலால் மல்லிகைச் சரத்தைத் தூக்கி, படத்தில் தன் தலைமேலிருந்து எடுத்து, அப்பா பக்கமாக நகர்த்திவைத்தார். ஏதோ சொன்னார். மேடம் அழுகையோடு சிரித்துவிட்டார். எனக்கும் சொன்னார்: "அப்பாவுக்குச் சரியாம். அவருக்கு நாளைக்கு ஷூட்டிங் இருக்காம்."

அன்று வீட்டில் இருந்த சாப்பாடு பிலோமினா அக்காவின் கஞ்சி மட்டும்தான். தன் சாவுக்கு வந்த கஞ்சியை அவர் இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தார்.

படப்பிடிப்பு முடியும்வரை அவர் அங்கேதான் தங்கினார். சாயங்காலங்களில் தன் தொழிலைப் பற்றிக் கைஜாடையில் சொல்வார், மிச்சத்தை மேடம் சொல்வார். பாதி வாழ்க்கை சின்னச் சின்ன மேடைகளில் போனதாம். தலை நரைத்த பிறகுதான் டீவியில் கூப்பிட்டார்கள். நரைத்த தலைக்கு என்ன வேஷம் கிடைக்கும்? சாகிற அப்பா, சாகிற மந்திரி, சாகிற முதலாளி. மேடையில் தினமும் சாக வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் போய்விடலாம். கேமரா முன்னால் ஒரே சாவை நாலு பக்கத்திலிருந்து எடுப்பார்களாம். "அப்பா போன அன்றைக்கும் நான் மேடையில் செத்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றார். அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

நான் வேலையில் நீடித்தேன். அதற்கப்புறம் எந்தத் தொடரில் அவர் செத்தாலும் முன்கூட்டியே தங்கைக்குப் போன் வந்துவிடும்: "இந்த வாரம் நான் போகிறேன். செல்லத்திடம் பூ வாங்க வேண்டாமென்று சொல்." நான் ஊருக்கு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்னும் மேடம் மகள் மூலமாக என் மகளின் செல்போனுக்குத் தகவல் வருகிறது. போன மாதம்கூட ஒரு தடவை போனார். என் பேரப்பிள்ளைகள், "அம்மாச்சி, கொரியாத் தாத்தா இந்த வாரமும் செத்துட்டாராம்!" என்று கத்திக்கொண்டு வருவார்கள்.

மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் முதலில் கொரியாவுக்குச் சொல்லிவிடு. நிஜமாகத்தான் என்று இரண்டு தடவை சொல். ஒரு தடவை சொன்னால் அந்த மனுஷர் நம்பமாட்டார்.